என் மோதிர விரலின் பெயர் ஆரோக்கியமேரி

டைம் கீப்பர் என்பவன், ஊரே வேலை செய்யும்போது அது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மட்டும் குறித்து வைத்துச் சம்பளம் வாங்குகிறவன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி வாசலில் இந்த உத்தியோகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். பொம்மை, ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, எதற்கு ஆர்டர் வருகிறதோ அது. வாசலில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மேஜை, மேஜை மேல் வருகைப் பதிவேடு, பின்னால் நான். வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என்னா தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்கள். நானும் மரியாதையாகத்தான் வாழ்ந்தேன்.

பிறகு மெஷின் வந்தது. காலையில் எழுந்து குளித்து, அரைகுறையாகச் சாப்பிட்டு ஓடி வந்து, ஏதோ ஒரு பெட்டியிடம் "நான்தாங்க நான்" என்று நிரூபித்துவிட்டு வேலைக்குப் போகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நான் பட்ட வெட்கம் எனக்குப் போதும்.

சந்தனப் பொட்டு

விரலை வைத்தால் ஆளை அடையாளம் கண்டு வருகையைப் பதிந்துகொள்ளும் மெஷின் அது. சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருந்த முதலாளியின் மச்சான்தான் அதை வாங்க வைத்தார். கொட்டகைச் சுவரில் மாட்டி, எல்லார் விரலையும் ஒவ்வொரு நம்பருக்கு ஏற்றி முடித்ததும், நல்ல நேரம் பார்த்து பூஜை போட்டோம். எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டி, மெஷினுக்கு சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. எங்கே வைத்தோம் என்கிறீர்கள்? விரல் வைக்கிற கண்ணாடி மேலேயே. வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். மற்ற மெஷின்களுக்கெல்லாம் அப்படி நெற்றி பார்த்து வைத்துத்தானே பழக்கம்?

முதலாளி கைகூப்பிவிட்டு விரலை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்றது. மறுபடி வைத்தார். மறுபடியும் அதையே சொன்னது. தொழிலாளர்கள் மொத்தமும் பின்னால் நின்று பார்க்க, மச்சான் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்க, எனக்கு அங்கேயே புதைந்து போகலாம் போலிருந்தது. வாட்ச்மேன் கலியபெருமாள் அண்ணன் என் காதருகே வந்து சொன்னார்: "மொதலாளியவே உள்ள வுட மாட்டேங்குது, நம்மள எங்க தம்பி வுடப் போவுது?"

வெள்ளைக்காரி

அவர் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. அந்தக் குரலுக்கு எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரி என்று பேர் வைத்தார்கள். ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் வெள்ளைக்காரி உடனே "தேங்க் யூ" சொன்னாள். பினிஷிங் செக்‌ஷன் பெண்களில் சிலரை மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை. பினிஷிங் என்றால், அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்த பொம்மையை உப்புத்தாளாலும் ஈரப் பஞ்சாலும் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. பொம்மையோடு சேர்ந்து விரலும் தேயும். வருஷக்கணக்கில் தேய்த்த விரல் நுனியில் ரேகை எங்கே இருக்கும்? ஊருக்குள் எத்தனையோ வீட்டு ஷோகேஸில் அந்த ரேகை இருக்கும், விரலில் இருக்காது.

அதில் முதல் ஆள் ஆரோக்கியமேரி அக்கா. வரிசையில் வந்து விரலை வைப்பார், "ப்ளீஸ் ட்ரை அகைன்". புடவையில் துடைத்து வைப்பார், "ப்ளீஸ் ட்ரை அகைன்". பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மெஷின் ஏற்காவிட்டால் ஆப்சென்ட் போடு என்பது எனக்கு வந்த உத்தரவு. "அக்கா, மெஷினு உங்கள ஏத்துக்கலக்கா" என்று, தினமும் பார்க்கிற மனுஷியிடம் நான் சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தேன். அக்கா கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்: "ஏந் தம்பி, எம் பொண்ணு கோயில்ல புதுநன்மை வாங்குன அன்னிக்கி வூட்டுக்கு வந்து பிரியாணி சாப்ட்டுட்டுப் போனியே, அந்த வாயால சொல்லேன், நான்தான் ஆரோக்கியமேரின்னு."

வைத்தியம்

ரேகை வரவழைக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொன்னார். ஒருத்தர் விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வை, பிடித்துக்கொள்ளும் என்றார். காலையில் எங்கள் கொட்டகை வாசலைப் பார்த்தால், பெண்கள் எல்லாம் வரிசையாகத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது போலவே இருக்கும். மரவள்ளி லாரி ஓட்டிக்கொண்டு போகிறவன்கூட வண்டியை மெதுவாக்கி வேடிக்கை பார்த்தான்.

ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் மச்சானையே கேட்டேன். அவர் செல்போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசினார், தலையாட்டினார், பிறகு ரொம்பப் பொறுப்பாக என்னிடம் திரும்பினார்: "சிம்பிள் சார். ஒரு ரெண்டு வாரம் கையால வேலை செய்யாம இருக்கச் சொல்லுங்க, ரேகை தானா வந்துடும்."

மாமன் மச்சான்

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆரோக்கியமேரி அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணிசாமி அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. அக்காவின் இ.எஸ்.ஐ. கார்டில்தான் அவருக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கம்பெனியில் பேர் இருந்தால்தான் கார்டு, கார்டு இருந்தால்தான் அவருக்கு மருந்து. மெஷினோடு வந்த கம்பெனியின் புதுச் சட்டப்படி, ஆப்சென்ட் அளவுக்கு மீறினால் பேரை எடுத்துவிடுவார்கள். அதாவது தினமும் வேலைக்கு வந்து, தினமும் பொம்மை தேய்த்து, வேலைக்கு வராததற்காக வேலை போகும். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் ஊரிலேயே முதல் மெஷின் எங்களுடையது என்று முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்திருந்தார். "அவங்க தெனம் வராங்க சார், நான் கண்ணால பாக்குறேன்" என்றேன். "ஒன் கண்ண நம்பவா இத்தினி செலவு பண்ணி மெஷினு வாங்குனேன்?" என்றார். என் கண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று மச்சானுக்கு எதிரில் கேட்டுக்கொண்டு நின்றது கேவலமாக இருந்தது. முதலாளி மச்சானின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எனக்குப் புத்தி சொன்னார்: "மெஷினுக்கு அண்ணன் தம்பி கெடையாது, மாமன் மச்சான் கெடையாது. அதான்யா அதோட பெருமையே."

கரண்ட் போன காலை

அப்போது தினம் மின்வெட்டு. கரண்ட் இல்லாவிட்டால் மெஷின் கண்ணை மூடிக்கொள்ளும். மெஷின் கண்ணைத் திறக்கும்வரை ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. சூளையில் வேலை காத்துக்கிடக்க, அத்தனை பேரும் ரோட்டில் நிற்போம். போகிற வருகிற பஸ்ஸில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, ஏதோ ஸ்ட்ரைக் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒருநாள் கலியபெருமாள் அண்ணன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "கவுருமெண்டு கலர் டி.வி. குடுத்துது, கரண்ட மறந்துட்டுது. நம்மாளு மெஷினு வாங்குனாரு, மனுசன மறந்துட்டாரு. ரெண்டு பேரும் நல்லவங்கதான், ஞாபகம்தான் பத்தல."

எனக்கும் ஒரு விரல்

ஒரு மாதம் போனது. அக்காவின் ஆப்சென்ட் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் எல்லாரும் போன பிறகு, மெஷினில் அக்காவின் நம்பரைத் தட்டி, பழைய ரேகையை எடுத்துவிட்டு, என் வலது கை மோதிர விரலை வைத்தேன். வெள்ளைக்காரி "தேங்க் யூ" என்றாள். மறுநாள் காலை ஆள்காட்டி விரலை வைத்தால் திரையில் என் பேர் வந்தது, மோதிர விரலை வைத்தால் ஆரோக்கியமேரி என்று வந்தது. பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை, அதனால் ரேகை பளிச்சென்று இருந்தது. அதை நினைத்து எனக்குப் பெருமை வரவில்லை. எதற்கும் தேயாத விரலைத்தான் மெஷினுக்குப் பிடிக்கிறது என்பது தெரிந்தபோது, கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளத் தோன்றியது.

இந்த மாதிரி விஷயம் எங்கே ஒளியும்? சகாயம், தனலட்சுமி என்று ரேகை போன மற்றவர்களும் வந்து நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் கார்டை நம்பி ஆள் இருக்கிறதே! கட்டை விரல், சுண்டு விரல், இடது கை என்று பங்கு பிரித்துக் கொடுத்தேன். காலையில் நான் வரிசையாக விரல் வைப்பதைப் பார்த்து கலியபெருமாள் அண்ணன், "ஆர்மோனியம் நல்லாருக்குது, பாட்டு எப்ப?" என்பார்.

எனக்கு உள்ளூர உதறல். தொழிற்சங்கம் தட்டிக் கேட்டால் மெஷினே போய்விடும் என்று தலைவர்களிடம் போனேன். எங்கள் கேட்டில் இரண்டு சங்கக் கொடி உண்டு, ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று. முதல் தலைவர், தேர்தல் முடியட்டும் என்றார். எந்தத் தேர்தல் என்று அவர் சொல்லவில்லை. இரண்டாவது தலைவர் சங்க வேலை என்று கம்பெனிப் பக்கமே அபூர்வமாகத்தான் வருவார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெஷின எதுத்தா வளர்ச்சிய எதுத்த மாதிரி ஆயிடும் தம்பி. அது கெடக்கட்டும், இதுல எனக்கும் ஒரு வெரலு ஒதுக்கு."

நேர நிர்வாகம்

தொழிலாளர்களுக்கு நேரத்தின் அருமையைச் சொல்லித்தர சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து அவர் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. கோட்டு, டை, அந்த வெயிலில் பாவம், அவித்த மாதிரி இருந்தார். வந்ததும் எல்லாரையும் எழுந்து நின்று "என் நேரத்துக்கு நானே முதலாளி" என்று சொல்லச் சொன்னார். நிஜ முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொருத்தராக எழுப்பி, அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருக்க ஆசை என்று கேட்டார். ஆரோக்கியமேரி அக்கா முறை வந்தது. "எங்க வூட்டுக்காரரு அப்பயும் உசுரோட இருக்கணும் சார். எங்க இருந்தாலும் பரவால்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயிற்சியாளர் பலகையில் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பினார்: "வெரி குட் மேடம், ஹெல்த்! இதையே ஷார்ட்டா சொல்லிப் பழகணும்."

பரிசு

வருஷக் கடைசியில் விழா வைத்தார்கள். எம்.எல்.ஏ. வந்தார், வெளியூர் வியாபாரிகள் வந்தார்கள். மச்சான் கம்ப்யூட்டரைப் பார்த்து, கடைசி ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த தொழிலாளியைக் கண்டுபிடித்திருந்தார். மைக்கில் பேரைச் சொன்னதும் நான் மோதிர விரலை மடக்கிக்கொண்டேன். ஆரோக்கியமேரி! அந்தோணிசாமி அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அக்கா கூடவே இருந்த நாட்களிலும் என் மோதிர விரல் வேலைக்கு வந்திருக்கிறது. பழக்க தோஷம். கை தானாகப் போய் வைத்துவிட்டது. அக்காவுக்கோ ஒன்றும் புரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டே மேடையேறினார். பரிசு ஒரு பீங்கான் மயில். வாங்கியதும் அதன் கழுத்தடியைத் தடவிப் பார்த்தார். அவரே தேய்த்த மயில்தான்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. மெஷினையும் மேடையில் வைத்திருந்தார்கள். "எம்.எல்.ஏ. சார் பாக்கட்டும், வெரல வைய்யிம்மா" என்றார் முதலாளி. அக்கா வைத்தார். "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்று வெள்ளைக்காரி மைக்கிலேயே சொன்னாள். மறுபடி வைத்தார், மறுபடியும் சொன்னாள். முதலாளியின் முகம் சிவந்தது. "அப்ப இத்தினி நாளா யாரு வச்சது? ஏமாத்துறியா? ஒம் பேர இன்னைக்கே எடுக்குறேன் பாரு" என்றார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. அக்கா மயிலை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். காட்டிக்கொடுக்கத் தேடவில்லை. பயத்தில் தெரிந்த முகத்தைத் தேடினார்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. அத்தனை பேர் முன்னால் என் மோதிர விரலை வைத்தேன். "தேங்க் யூ" என்றாள் வெள்ளைக்காரி. திரையில் ஆரோக்கியமேரி என்று வந்தது. எனக்கு மீசை இருப்பதைக் கூட்டம் பார்த்தது. பிறகு ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என் காது இரண்டும் எரிந்தன. முதலாளி எம்.எல்.ஏ.வைப் பார்த்தார், வியாபாரிகளைப் பார்த்தார், என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்: "பாத்தீங்களாய்யா, நம்ம கம்பெனியில ஒருத்தரு வெரலு இன்னொருத்தருக்கு வேத்தாளு இல்ல! கை தட்டுங்கய்யா!"

தண்டனை

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அக்காவின் பேரை எடுக்க முடியவில்லை. எம்.எல்.ஏ. கையால் மயில் வாங்கும் படம் பேப்பரில் பேரோடு வந்துவிட்டது. ரேகை இல்லாதவர்களுக்கெல்லாம் வாட்ச்மேன் மேஜையில் பழைய பதிவேட்டையே வைத்துத் தொலையட்டும் என்றார். கார்டு தப்பியது, அண்ணனின் மருந்து தப்பியது. எனக்கு மூச்சு வந்தது. டைம் ஆபீஸ் இனி மச்சான் பொறுப்பு என்றார். என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் நின்றேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்க மேல அவ்ளோ அக்கற இருக்குதுல்ல? போ, பினிஷிங்ல ஒக்காந்து நீயும் தேயி."

இந்தப் பக்கம்

தேய்த்தேன். முதல் வாரம் பொம்மைகளை மூக்கில்லாமல் ஆக்கினேன். பெண்கள் சிரித்தார்கள். இத்தனை நாள் இவர்கள் வேலைக்கு வந்தார்களா இல்லையா என்று எழுதினேனே தவிர, உள்ளே வந்து என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததில்லை. கை வலித்ததைவிட அதுதான் உறுத்தியது. மதியச் சாப்பாட்டில் உப்புத்தாள் ருசி வந்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது.

மாதங்கள் போயின. மழை நாள் ஒன்றில், வழக்கம்போல மெஷினில் ஆள்காட்டி விரலை வைத்தேன். "ப்ளீஸ் ட்ரை அகைன்". வேட்டியில் துடைத்து வைத்தேன். தலைமுடியில் தேய்த்து வைத்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மச்சான் தலையைத் தூக்காமல், "ஏத்துக்கல சார்" என்றார், அன்றைக்கு நான் அக்காவிடம் சொன்ன அதே மாதிரி. அத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்தில் நான் யாரென்றே தெரியாமல் நின்றேன். அப்போது வாட்ச்மேன் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஆரோக்கியமேரி அக்கா பேனாவை நீட்டினார்: "அதுகிட்ட என்னா கெஞ்சிக்கிட்டு? இந்தப் பக்கம் வந்து கையெழுத்து போடு தம்பி. இப்பதான் நீ இந்தக் கம்பெனி ஆளு."

அதற்குப் பிறகு அந்த மெஷின் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அடையாளம் கண்டுகொண்டது முதலாளியின் மச்சானை மட்டும்தான், அவரும் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை.